ஏரியில் குளித்த லாரி

மாமா தம்முடைய வண்டி மாடுகளை விற்றுத்தான் அந்தப் பழைய லாரியை வாங்கினார். பாகூர்ப் பக்கத்து மண்பாதைகளில் கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக அதை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. ஆனாலும் மாட்டுப் பொங்கலை அவர் விடவில்லை. ஊர் மாடுகள் ஏரியில் இறங்கும்போது லாரியும் இறங்கும். அச்சு முழுகத் தண்ணீரில் நிறுத்தி, வைக்கோல் பிரியால் தேய்ப்பார்கள். கரையேறியதும் அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் தார் பூசி மாலை போடுவார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரிதான் இருக்கும்.

புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது மோட்டார்ப் பைத்தியம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், ஏரிக்குக் கிளம்பும் முன் லாரிக்கு அடியில் படுத்து, சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் கணீரென்றது. பின்சக்கரத்துக்கு மேலே ஈரப் பலகையைத் தட்டியதுபோல் தொப்பென்றது.

“இன்னாடா, நாடி புடிக்கிறியா? பிரெஞ்சு படிச்ச வைத்தியர் இன்னா சொல்றாரு?” என்றார் மாமா.

“நீங்களும் படுத்துப் பாருங்க மாமா.”

“வேட்டி புதுசுடா.”

சட்டத்தின் உள்பக்கம் வாய்க்கால்போல் மடிந்திருக்கும். வருஷா வருஷம் ஏரிச் சேறு அதில் தங்கியிருந்தது. மேலே மரப்பலகை மூடியிருந்ததால் காயவேயில்லை. ஆணியால் கிளறினேன். துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஆணி தாரைத் துளைத்துக்கொண்டு மாமாவின் முழங்காலுக்கு நேராக வெளியே வந்தது.

அவர் குந்தி உட்கார்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். “பாரம் ஏத்தினா?”

“ஒடிஞ்சிடும்.”

கரும்பு வெட்டுக்கு நின்றது. அந்தச் சமயத்தில் வாடகை வண்டி கேட்டாலும் யாரும் தரமாட்டார்கள். வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் காய்ந்துபோகும். அன்று லாரி ஏரிக்குப் போகவில்லை. மறுநாள் சட்டத்தின் மேலிருந்த பாரம் ஏற்றும் மரப்பெட்டியைக் கழற்றி, சேற்றைச் சுரண்டி, சட்டத்தை வெயிலில் காயவிட்டோம். கொல்லர் இரும்புத் தகடு வைத்து ரிவெட் அடித்தார். பழைய இன்ஜின் எண்ணெயில் மாட்டுக்கொழுப்பை உருக்கி உள்பக்கமெல்லாம் நானே பூசினேன். அந்தப் பருவம் முழுக்கப் பாதி பாரம்தான். நடை கூடியது, ஆனால் கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாட்டுப் பொங்கலன்று பக்கத்து வீட்டுக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, “லாரி வர்லியாபா?” என்றார்.

மாமா லாரியின் நெற்றியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“அது இன்னா மாடா, நனைஞ்சா சிலுப்பி ஒதறிக்க?”