‘குடும்பத்தார் மட்டும்’ என்ற வாசலில் ஒரு சனிக்கிழமை

எண்பத்தாறாம் வருடக் கோடை. பிளசன்டன் என்ற ஊரில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது; இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் தட்டுகிறாள்.

ரயிலடிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவர் டோரிஸ். கறுப்பினப் பெண், என் வயதுதான். என் நிறுத்தம் வந்தால் சத்தம் கொடுப்பார். அவருடைய மகள் ரூபியும் ஜோ என்ற பெண்ணும் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்தவர்கள். ஒருநாள் தெருவில் இருவரும் கைகோத்துப் போனதைப் போலீஸ்காரர்கள் கேலி செய்ய, ரூபி எதிர்த்துப் பேசியிருக்கிறாள். பிடித்துக்கொண்டு போனார்கள். லாக்கப்பிலேயே இறந்துபோனாள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

“சனிக்கிழமை அந்த போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி நிக்கப்போறோம். நீங்களும் வாங்க” என்றார் டோரிஸ்.

டாக்டரம்மா பயந்துவிட்டார். “அங்கிள், உங்க கிரீன் கார்டே இன்னும் வரல. அரெஸ்ட் பண்ணிட்டா யாரு டிரைவ் பண்ணி வந்து கூட்டிட்டு வர்றது?”

“நீங்கதாம்மா” என்றேன்.

சனிக்கிழமை கிளம்பினேன். பஸ்ஸில் முக்கால் மணி, ரயிலில் அரை மணி, அப்புறம் ஒரு மேடு ஏற வேண்டும். போக வர மூன்று டாலர் சில்லறை ஆனது. மேட்டின் மேல் நின்று பார்த்தவன் அப்படியே திகைத்துப்போனேன். ஸ்டேஷன் முன்னால் சீருடையோடு பஸ் ஓட்டுநர்கள், பெரிய தொப்பி வைத்த சர்ச்சுப் பெண்கள், உதட்டுச் சாயம் பூசிய ஆண்கள், தலையை ஒட்ட வெட்டிய பெண்கள். ஒருவர் “ரூபி” என்றால் தெரு முழுக்க “ரூபி” என்றது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

ஓர் அதிகாரி வாசலுக்கு வந்தார். “எங்க பெரிய ஆபீசர் பேசுவார். குடும்பத்தார் மட்டும் உள்ள வரலாம்.”

டோரிஸ் ஜோவின் கையைப் பிடித்தார்.

“இவ யாரு?”

“என் மக கூட வாழ்ந்தவ. என் மருமக.”

“சட்டப்படி சொந்தமில்ல. நீங்க மட்டும் வாங்க.”

மகள் எப்படிச் செத்தாள் என்று கேட்கத்தான் டோரிஸ் இத்தனை மாதம் அலைந்தார். கதவு திறந்திருந்தது. அவரோ படியில் உட்கார்ந்துவிட்டார். “அவ வரலேன்னா நானும் வரல.”

சாயம் பூசிய ஒருவர் முன்னால் வந்தார். “அப்ப நானும் குடும்பந்தான். அண்ணன்.” தொப்பிக்காரம்மா “நான் சித்தி” என்றார். சித்தப்பா, தங்கை, மச்சான் என்று வரிசை நீண்டது. அதிகாரி என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “நீயுமா?”

பிளசன்டனில் எந்த வீட்டுப் பிள்ளையும் என்னைக் கூப்பிடுவது ஒரே மாதிரிதான். அது பொய்யில்லையே. “அங்கிள்” என்றேன்.

தெருவே சிரித்தது. படியிலிருந்த டோரிஸும் சிரித்தார். அதிகாரி உள்ளே போய்விட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். இருவரும் சேர்ந்தே போனார்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் கேட்டேன். “பதில் கிடைக்கல. திரும்பவும் போவோம்” என்றார் டோரிஸ். “ஆனா கேள்விய ஜோதான் கேட்டா.”

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் காலுக்கு நல்ல ஷூ, தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலை முன்பே விசாரித்து வையுங்கள். வாசலில் நீங்கள் யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு கிளம்புங்கள்.