இருபத்தேழாவது குழல்வாய்

கோர்ஸ்கி கோட்டார் மலைப்பாலத்தின் உப்புநீர்க் கருவியைப் பார்த்துக்கொள்வதுதான் திஹோமிரின் வேலை. குளிர் ஏறியதும் ஓரச்சுவரில் வரிசையாக இருக்கும் குழல்வாய்கள் தாமாகவே சாலையில் உப்புநீரைப் பீய்ச்சும், பனி உறையாது. ஊரார் அதை நம்பிப் பாலத்தில் மட்டும் வேகத்தைக் கூட்டினார்கள். அந்த மடத்தனத்தை நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாய் அடைத்தாலும் அதன் முன்னால் முப்பதடி சாலை வழுக்குப் பாறைதான். அதனால் தினமும் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பான்.

இருபத்தேழாவதுதான் தலைவலி. கருவி வருவதற்கு முந்தைய வருடம் அதே ஊர் நெவென்காவின் மகன் தாவோர் அங்கே சறுக்கிச் செத்தான். செத்த இடத்தில் மலர்வளையம் வைக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் விடுவதில்லை. அவள் அந்தக் குழல்வாயின் மேலேயே கட்டுவாள், இவன் அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவான். மறுநாள் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

"நாலடி தள்ளி இருந்தா என்னக்கா?"

"நாலடி தள்ளி உங்கப்பனா செத்தான்? எம்புள்ள இங்கதான்டா போனான். இனி கைய வெச்சே, விரல ஒடிச்சுருவேன்."

தாவோரின் நினைவு நாளன்று அவள் தேவதாருக் கிளையில் பெரிய வளையம் கட்டி, அதன் முன்னால் மண்டியிட்டு அழுதாள். கத்தியோடு போன திஹோமிர் திரும்பிவிட்டான். ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தான். அன்று உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ரொட்டி வண்டி ஓட்டிவந்த ஸ்லாவ்கோ அந்த இடத்தில் சறுக்கி, எதிர்ப்பக்கக் கைப்பிடிச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்து செத்தான். போலீஸ் வருவதற்குள் திஹோமிர் வளையத்தை அறுத்துப் பள்ளத்தில் எறிந்தான். விசாரணையில், "குழாய் அடைச்சிருந்துச்சு, நான் பாக்கல" என்றதோடு சரி. நெவென்காவின் பெயரை எடுக்கவில்லை. வேலை போயிற்று. ஊர் அவன் முகத்தில் துப்பாத குறை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நெவென்கா வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு வளையங்கள்.

"ஊரு என்ன வேணா பேசட்டும்டா, நீ நல்லவன். அன்னிக்கு எம்புள்ள வளையத்தத் தொடாம விட்டியே. வா, அந்தப் பையனுக்கும் அங்கயே ஒண்ணு கட்டிட்டு வருவோம்."

சொன்னால் இவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அங்கே இன்னொருவன் சாவான்.

"உள்ள வாக்கா, உக்காரு. குழாய அடைச்சது... உன் வளையம்தான்க்கா."

அவள் இரண்டு வளையங்களையும் தரையில் வைத்தாள்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?" என்றாள்.

"இருக்காங்க."

"என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போ."