பல்செட்டுக்காரர் செத்துப் பார்த்தது

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் மின்சார பில்லைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பல்செட்டுக்காரர் என்றால் தெருமுனைக் கடைக்காரரே எழுந்து வந்து வழிகாட்டுவார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மேல் வரிசை, கீழ் வரிசை, முழு செட் என்று நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் எந்நேரமும் உருகிய மெழுகு வாசனை இருக்கும், எதைத் தொட்டாலும் பிளாஸ்டர் தூசி ஒட்டும். ஜன்னலோர அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் தங்கள் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள்.

மனிதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பற்களை முதலில் மெழுகில் பதித்து, போட்டுக்கொள்ளப் போகிறவரை ஒரு தடவை கடிக்க வைத்துப் பார்க்காமல் எந்த செட்டையும் கெட்டிப்படுத்த மாட்டார். டாக்டர் போனில் கத்தினால் கத்தட்டும். "மெழுகுல தப்பு இருந்தா விரலால அமுக்கிச் சரி பண்ணிடலாம். கெட்டியானப்புறம் தெரிஞ்சா அந்த ஆள் சாப்பிடற ஒவ்வொரு வாய்க்கும் என்னைத் திட்டுவான்" என்பார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு மாமனாருக்கு அவசரமாகப் பல் கேட்டு வந்தார்கள். கடித்துப் பார்க்க மாமனாருக்கு நேரமில்லையாம். இவர் தரமாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கல்யாண போட்டோ அத்தனையிலும் மாமனார் உம்மென்று நிற்கிறார்.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபீசில் வேலை. கணவனோடு ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் குடியிருக்கிறாள். சின்னவளுக்கு முப்பத்து நான்கு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு. மணி பார்ப்பாள், சில்லறை எண்ண வராது. யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவாள்; கையெழுத்துக் கேட்டால் அதையும் போட்டுவிடுவாள். ஆனால் பல்லின் நிறத்தைக் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நிறம் பார்க்க ஏ-ஒன்று, ஏ-இரண்டு என்று மாதிரிப் பற்கள் கோத்த அட்டை ஒன்று உண்டு; எண் கூடக் கூட மஞ்சள் கூடும். டாக்டர்கள் அதை வாயருகே பிடித்து, கண்ணைச் சுருக்கி, மண்டையைக் குடைந்துகொள்வார்கள். சின்னவளுக்கு அட்டையே தேவையில்லை. வாசலில் நின்று சிரிக்கிறவரைப் பார்த்தே "ஏ-மூணு" என்பாள். பல்செட்டுக்காரர் சும்மா இருக்கட்டுமே என்று அட்டையை எடுத்துப் பார்ப்பார். ஏ-மூன்றாகத்தான் இருக்கும்.

மனைவி இறந்து ஆறு வருடமாயிற்று. அவருக்கு எழுபது முடிந்த மாதம், மாடிப்படி ஏறும்போது தலை சுற்றி, பாதிப் படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரைதான், பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் அந்த அரை மணி நேரமும் மேலே சின்னவள் அடுப்பை ஏற்றும் சத்தமும் அணைக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. நமக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு யார், இந்தக் கூரை இவளுக்கு நிலைக்குமா? அன்றைக்குப் பிடித்த இந்தக் கவலை அவரை விடவில்லை. அடுத்த வாரமே வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்.

"உயில் எழுதலாம் ஐயா. ஆனா அது உங்களுக்கு அப்புறம்தான் பேசும்" என்றார் வக்கீலம்மா. "சின்னவங்க பேர்ல எழுதினா யாராவது நைச்சியமாப் பேசி எழுதி வாங்கிடுவாங்க. பெரியவங்க பேர்ல எழுதலாம், தங்கமானவங்கதான். நாளைக்கு அவங்களுக்கே ஒண்ணுன்னா சொத்து எங்க போய் நிக்கும்? அதனால டிரஸ்ட் வைங்க. வீடும் சேமிப்பும் டிரஸ்ட்டுக்குச் சொந்தம். பெரியவங்களும் நானும் அதை நடத்தற டிரஸ்டிங்க. நீங்க எழுதிக் கொடுக்கிறபடிதான் நாங்க நடக்க முடியும். பலன் முழுக்கச் சின்னவங்களுக்கு."

"எப்பலேருந்து நடக்கும்?"

"நீங்க சொல்ற நாள்லேருந்து. நீங்க இருக்கும்போதே ஆரம்பிக்கலாம். உங்க காலம் வரைக்கும் மாத்தி எழுதிக்கவும் வழி வெச்சுடலாம்."

பல்செட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "அப்படின்னா மெழுகுல வெச்சுப் பார்க்கலாம்னு சொல்லுங்க!"

வக்கீலம்மா முழித்தார். இவர் விளக்கினார். "ஒரு மாசம் நான் செத்துட்டேன்னே வெச்சுக்குங்க. நான் எங்கயாவது போய் இருந்துக்கிறேன். பேப்பர்ல இருக்கிறபடி நீங்க நடத்துங்க. எங்க இடிக்குது, எங்க குத்துதுன்னு பார்த்துட்டு அப்புறம் கெட்டி பண்ணிக்கலாம்."

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். செத்துப் பார்க்கிறேன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் வக்கீலம்மா.

பத்திரம் எழுத மூன்று சனிக்கிழமை ஆயிற்று. பல்செட்டுக்காரர் எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்துக்கு டாக்டரைக் கேட்டார், வாடகைக்கு மாப்பிள்ளையைக் கேட்டார், தங்கைக்கு அறை ஒதுக்க முடியுமா என்று பெரியவளைக் கேட்டார். நாளைக்கு நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதே என்று சாப்பாடு, துணி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஷரத்து. மொத்தம் பதினான்கு. எட்டாவது ஷரத்துப்படி, பட்டறையை மூடி வாடகைக்கு விட்டு அந்த வாடகையைச் சின்னவளுக்குச் செலவழிக்க வேண்டும். தான் இல்லாமல் பட்டறை ஏது என்கிற கர்வம் அவருக்கு இருந்தது. அந்த மூன்று சனிக்கிழமையும் சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போகிறவர்களின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் பிறந்தது. பெரியவள் வந்து தங்கையை ஃப்ளாட்டுக்கு அழைத்துப் போனாள். "அவ கேட்டா என்னப்பா சொல்றது?" என்று மட்டும் தனியாகக் கேட்டாள்.

"வெளியூர் போயிருக்கேன்னு சொல்லிடு. அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அன்று மத்தியானமே அவர் நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த ஒரு லாட்ஜில் போய்ச் செத்துப்போனார். சாவு என்பது இத்தனை அலுப்பான சமாசாரம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்தாயிற்று. மூன்றாம் நாள் கீழே இறங்கி, வரவேற்பு மேஜை ஆளிடம், "தம்பி, கீழ்க் கடைவாய்ல ரெண்டு போயிருக்கே, கவனிக்கலையா?" என்று ஆரம்பித்தார். அந்த ஆள் அதன்பிறகு இவரைக் கண்டாலே குனிந்து பேரேட்டைப் புரட்டினான். ஏழாம் நாள் வேலையில்லாத கை அரித்தது. பதினோராம் நாள் காலையில், தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தெருவுக்குப் போனார்.

பட்டறைக் கதவு மூடியிருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்து, வாடகைக்கு விடப்படும் என்று போர்டு மாட்டி, கீழே மாப்பிள்ளையின் போன் நம்பர். பல்செட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு சூடு ஆறவில்லை, அதற்குள் போர்டா? தெருவைத் தாண்டிய பிறகுதான் எட்டாவது ஷரத்து ஞாபகம் வந்தது. அதைச் சொல்லச் சொல்ல வக்கீலம்மா எழுதினார், சொன்னது இவர். யாரைத் திட்டுவது? நேரே பெரியவளின் ஃப்ளாட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனார். "மாமா! இன்னும் பத்தொன்பது நாள் இருக்கே!"

"உள்ள விடுங்க மாப்பிள்ளை. சின்னவ எங்க?"

பெரியவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அப்பா சோதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே ஒப்பிக்க ஆரம்பித்தாள். "எல்லாம் பேப்பர்ல இருக்கிறபடிதான்ப்பா. மருந்து நேரத்துக்குத் தரேன். டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போய் வந்தாச்சு. சாப்பாட்டுல ஒரு குறை கிடையாது. ஆனா ஒண்ணு. முதல் நாள் இவரைப் பார்த்து ஏ-மூணரை, காபியைக் குறைங்க மாமான்னா. அப்புறம் பல்லைப் பத்திப் பேச்சே இல்லை. டி.வி. ஓடுது, இவ பார்க்கிறாளான்னு தெரியலை. நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. சத்தம் கேட்டுச் சின்னவள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். புதுச் சட்டை, ஒழுங்காக வெட்டிய முடி. அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. மெல்லக் கிட்டே வந்தாள், கட்டைவிரலால் அவருடைய மேலுதட்டைத் தூக்கினாள், பல்லைப் பார்த்தாள்.

"ஏ-நாலு" என்றாள். பிறகு இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடிக்க ஆரம்பித்தாள். "நீ செத்துட்டேன்னு நெனச்சேன்! நீ செத்துட்டேன்னு நெனச்சேன்!"

பெரியவள் பதறிப்போய் நடுவில் வந்தாள். "யாருடி சொன்னா? வெளியூர்னுதானே சொன்னேன்!"

"அம்மாவுக்கும் வெளியூர்னுதானே சொன்னீங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் மனைவி இறந்தபோது, இவள் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்தவர்கள் அப்பாவும் அக்காவும்தான். பத்து நாள் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்றார்கள். திரும்பி வந்தவள் நாலைந்து தடவை கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள், நல்லதாய்ப் போயிற்று என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"அம்மா வெளியூர் போகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பல்செட்டுக்காரர்.

"அம்மாவோட பல்செட்டு டப்பாலயே இருந்துது. பல் இல்லாம யாராவது ஊருக்குப் போவாங்களா?"

ஊருக்கெல்லாம் பல் செய்தவருக்கு அது தோன்றவில்லை.

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க சொல்லலையே. உங்களுக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்." சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் அக்கா சொல்லலை. அக்கா பாவம். அதான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்."

பெரியவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தண்ணியை வீணாக்கறான்னு நான் அவளைத் திட்டினேன்ப்பா" என்றாள். "தினமும் திட்டினேன்."

பல்செட்டுக்காரருக்கு அன்றைக்கு வந்த வெட்கம் அதற்கு முன் வாழ்க்கையில் வந்ததில்லை. டாக்டரைக் கேட்டார், மாப்பிள்ளையைக் கேட்டார், பெரியவளைக் கேட்டார். யார் வாயில் இந்த செட் உட்காரப் போகிறதோ அவளை மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்துச் செய்ததைக் கொண்டுவந்து இவளைக் கடி என்றால் எப்படிக் கடிப்பாள்?

அடுத்த சனிக்கிழமை சின்னவள் வக்கீலம்மாவுக்கு எதிரே, முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால். வக்கீலம்மா எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். அவள் தயங்காமல் சொன்னாள். அப்பா இல்லாவிட்டாலும் பட்டறைக்கு மேல் உள்ள வீட்டில்தான் இருப்பாள். அக்கா வீடு ரொம்ப உயரம், எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போவாள். அடுப்புக்கும் ராத்திரித் துணைக்கும் ஒரு அம்மா வேண்டும், அதட்டாத அம்மாவாக. பட்டறையை மூடக்கூடாது. வேறு பல்செட்டுக்காரர் வந்தால் வரட்டும், நிறம் மட்டும் அவள்தான் பார்ப்பாள். "அவருக்கு வராது" என்றாள், இன்னும் வந்து சேராத அந்த மனிதரைப் பற்றி.

எட்டாவது ஷரத்தை வக்கீலம்மா அடித்தார். "போர்டை இன்னிக்கே எடுத்துடறேன், ஆளும் நானே பார்க்கிறேன்" என்றார் மாப்பிள்ளை.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

"அப்பா செத்தா எனக்குச் சொல்லணும். அன்னிக்கே."

வக்கீலம்மா எழுதி, வழக்கம்போல வாசித்துக் காட்டினார். "இந்த டிரஸ்ட்டை ஏற்படுத்தியவர் காலமான அன்றே அச்செய்தியைப் பயனாளிக்கு நேரில் தெரிவிக்க வேண்டியது."

"காலமானா என்ன?"

வக்கீலம்மா பல்செட்டுக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "செத்துப்போறதும்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அப்ப அதையே போடுங்க."

வக்கீலம்மா காலமான என்பதை அடித்து, இறந்துபோன என்று எழுதப்போய், நிறுத்தி, செத்துப்போன என்றே எழுதினார். சின்னவள் எட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. சொன்னா மட்டும் போதாது. என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்" என்றாள். "அம்மாவை நீங்க காட்டவே இல்லை."

வக்கீலம்மாவின் பேனா காத்திருந்தது. பெரியவள் பின்னாலிருந்து, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "எழுதிக்குங்க. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"குழாயைத் திறக்காம அழலாமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"அழலாம்" என்றார் பல்செட்டுக்காரர்.