பலாக்காய் தின்ற பேய்

சந்திரகாந்தா யாரையும் பயமுறுத்தியதே இல்லை. இது அவள் கருத்து. திண்டிவனத்தில் அவளுடைய மல்லாட்டை மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஒரு வேர்க்கடலையை உரித்துக் கடித்துவிட்டு, எதிரே நிற்பவனை ஏற இறங்கப் பார்த்து, "ஈரம்" என்பாள். நன்றாகக் காயவைத்தவனுக்கே, நனைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

ஐம்பத்து நான்கு வயது. கணவர் ஜீவராஜ் மூட்டை தைப்பார். பேசுவது அவர் வேலை அல்ல. ஊர் சரி என்றால் இவள் தப்பு என்பாள். ஊர் இறங்கிவந்து தப்புதான் என்றால், "அப்படி இன்னா தப்பு கண்டீங்க?" என்பாள். இவள் ஊரோடு ஒத்துப்போன ஒரே விஷயம் நோன்பு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதது நயினார்கள் எனப்படும் சமணர் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சூரியன் இவளைப் பார்த்துத்தான் இறங்கியது என்று தோன்றும். சதுர்த்தசிதோறும் ஜினாலயத்துக்கு அபிஷேகப் பால்குடம் எடுப்பது இருபது வருடமாக அவள்தான். வேறு யாரும் கேட்டதில்லை. கேட்கத் துணிந்ததில்லை என்றும் சொல்லலாம்.

தங்கை மகன் நிதிஷ் பொறியியல் படித்துவிட்டு, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகப் படம் எடுக்கப் புறப்பட்டவன். படத்தின் பெயர் 'ஏழாம் பந்தி'. கருமாதி வீட்டில் ஆறு பந்தி முடிந்ததும், செத்துப்போனவளே வந்து ஏழாவது பந்தியில் உட்காருகிறாள். அந்தச் செத்தவள் வேடத்துக்குப் பெரியம்மாவைக் கேட்டான்.

"மேக்கப்பே வேணாம் பெரியம்மா. மூட்டைய பாக்கற மாதிரி பாத்தா போதும்."

அவள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். "பொழுது போனா பச்சத்தண்ணி தொடமாட்டேன். கறி, மீனு எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது."

"நானும் நயினார் வீட்டுப் புள்ளதானே பெரியம்மா" என்றான். உண்மைதான். படத்தைக் கெடுத்ததும் அந்த உண்மைதான்.

முன்னோட்டம் வெளிவந்தது. இருட்டில் சந்திரகாந்தாவின் முகம். அடுத்து ஒரு கை இறைச்சித் துண்டைப் பிய்க்கிறது. மறுபடி அவள் முகம். கைக்குச் சொந்தக்காரி மேக்கப் போட வந்த பொன்னி. அது முன்னோட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் நாத்தனார் பிராமி மறித்தாள். "அண்ணி, வாட்ஸப்ல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. ராத்திரியில, அதுவும் கறி. வர்ற சதுர்த்தசிக்கு என்னையே குடத்த எடுக்கச் சொல்லிட்டாங்க, கோயில் சங்கத்துல."

"சொன்னாங்களா, சொல்ல வெச்சியா?"

"உங்க கைதானே அது?"

"என் கையில நகப்பூச்சு எப்படி வந்துச்சு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"இருட்டுல இன்னா தெரியும் அண்ணி?"

"வா. படத்தையே வந்து பாரு. அத்தினி பேருக்கு முன்னால நிதிஷ் வாயாலயே சொல்ல வெக்கிறேன்."

அந்த வாரமே படம் வெளிவந்தது. விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில் பிற்பகல் இரண்டு மணிக் காட்சி. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் கால்மணி நேரம் நின்றது. பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் இருவரும் எதிரெதிர் திசையில் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

படம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல, சந்திரகாந்தாவாலேயே முடியவில்லை. காற்றில்லாமல் அசையும் வாழையிலை. தூரத்துப் பம்புசெட்டு சட்டென்று நின்றுபோகும் அமைதி. பந்தியின் கோடியில் அவள் வெறுமனே பார்க்கும் பார்வை. அரங்கத்தில் இருமல்கூட இல்லை. பிராமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான்னு தெரிஞ்சும் ஒடம்பு நடுங்குது அண்ணி."

சந்திரகாந்தா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வந்த காரியம் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

பிறகு பேய் சாப்பிட்டது.

பிறந்தது முதல் சமைத்த கறியைக் கிட்டத்தில் பார்க்காதவன் நிதிஷ். படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மசாலா போட்ட பலாக்காயை முருங்கைக்காயைச் சுற்றி அப்பிவைத்து, இதுதான் எலும்போடு சேர்ந்த தொடைக்கறி என்று முடிவுகட்டியிருந்தான். "தம்பி, கறி இப்படி நார் நாராப் பிரியாது" என்று பொன்னி அன்றைக்கே சொன்னாளாம். "நீ பிய்யி, நான் பாத்துக்கறேன்" என்றானாம். அதையும் திரை நிறைய, ஒரு நிமிஷம் முழுசாகக் காட்டினான். பண்ருட்டிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பலாக்காயைக் கறி என்று நம்பவைக்கப் பார்த்த துணிச்சலில் கால்வாசி கதையில் இருந்திருக்கலாம்.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "யோவ், பலாக்காய்யா அது! உள்ள கொட்ட தெரியுது பாரு!"

"பேய்க்குச் சாம்பார் ஊத்துங்கடா!"

அரங்கம் வெடித்தது. மீதி நாற்பது நிமிஷமும் எந்தக் கதவு திறந்தாலும் சிரிப்பு. அவள் முகம் வந்தபோதெல்லாம், "ரசம் வேணுமா ஆயா?" பயமுறுத்திய அதே பார்வைதான், இப்போது அது பந்தியில் அப்பளம் கிடைக்காதவள் பார்வையாகிவிட்டது.

வெளியே வந்ததும் பிராமிக்கு முகமெல்லாம் பல். "பழி போச்சு அண்ணி! ஊரே பாத்துடுச்சு, வெறும் பலாக்கா! குடத்த நீங்களே எடுங்க. சங்கத்துல நான் பேசறேன்."

நிதிஷ் போஸ்டருக்குக் கீழே நின்றிருந்தான். "பெரியம்மா, அது உங்க கை இல்லன்னு நானே எல்லாருக்கும்..."

"வாய மூடு" என்றாள். முப்பது வருட மண்டியில் கலப்படச் சரக்குக் கொண்டுவந்தவனிடம்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. "ஒரு மணி நேரம் ஒருத்தன் மூச்சு விடல. அத்தினியையும் கொண்டுபோய்ப் பலாக்காயில கொட்டினியேடா!"

இரண்டு பையன்கள் அவளை அடையாளம் கண்டு நின்றார்கள். "டேய், பலாக்கா பேயிடா!"

சந்திரகாந்தா திரும்பி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது கறி" என்றாள்.

சிரித்தவன் வாய் திறந்தபடியே நின்றது. மற்றவன் ஓரடி பின்வாங்கினான்.

"அண்ணி!" என்று அலறினாள் பிராமி. "இன்னா பேசறீங்க?"

"கறிதான்டி. நான்தான் தின்னேன். போய்ச் சொல்லு."

புலால் உண்பது பெரிய பாவமா, உண்ணாமலே உண்டேன் என்று பொய் சொல்வது பெரிய பாவமா என்று சங்கத்தில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. முடிவுக்கு வரவில்லை. முடிவு வரும்வரை குடத்தைப் பிராமியே எடுக்கட்டும் என்றார்கள். சதுர்த்தசியன்று சந்திரகாந்தா முதல் வரிசையில் நின்று, பிராமி வாசற்படி ஏறும்வரை கண் இமைக்காமல் பார்த்தாள். பிராமியின் குடத்தில் பாதிப் பால் படியிலேயே சிந்தியது.