நிச்சய வெற்றிலை

அக்காளின் வாயில் புண் என்றதும் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்டேன். இடது கீழ் ஈறு. அம்மாவுக்கும் அதே இடம். ஜப்பான்காரன் போன மறுவருஷம் அம்மா அந்தப் புண்ணோடுதான் இறந்தாள். கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. இருவருமே வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள்.

மெர்டேக்கா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சுதந்திரம் இங்கே கிடைத்த வருஷம் அது. வைகாசியில் நான்தான் அக்காளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புற்றுதான், தாமதிக்காமல் தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அக்காள் விதவை; அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரான செமாபோக்கில் வரன் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் ஊரான காஜா பேராங்குக்கு பஸ்ஸில் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்காள் சொன்னாள்:

"தாலி ஏறட்டும் தம்பி. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கட்டும்."

வாதாடிப் பார்த்தேன். தாய்க்கு, மகளுக்கு, நாளைக்குப் பேத்திக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் கணக்குப் போட மாட்டார்களா என்றாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள்.

ஆனியில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியதும் சம்பந்திகள் சேர்ந்து வெற்றிலை போடுவது வழக்கம். மாப்பிள்ளையின் தாயார் தன் கையாலேயே சுண்ணாம்பு தடவி, மடித்து நீட்டினார். அக்காள் வாங்கி வலது பக்கம் ஒதுக்கி மென்றாள். ஆனாலும் சாறு புண்ணில் படாமல் இருக்குமா? கண்ணில் நீர் வழிந்தது.

"பாருங்க, இப்பவே அழறாங்க. செமாபோக் என்ன சீமையிலயா இருக்கு? சைக்கிள மிதிச்சா வந்துரலாம்" என்றார் சம்பந்தியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அக்காளும் வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

மெர்டேக்கா விளக்குகள் இன்னும் கழற்றப்படாத தெருவில் கல்யாணம் நடந்தது. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றார் அதே டாக்டர். அக்காள் சரியென்று தலையாட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டாள்.

மார்கழியில் இறந்தாள். சுடுகாட்டிலிருந்து நாங்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது, அக்காள் மகள் கூடத்தில் தன் மாமியார் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். இந்த நோய் எப்போதிருந்து தெரியும் என்று சம்பந்தியம்மா என்னிடம் கேட்டார். வைகாசியில் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மாசமே தாலியக் கட்டியிருப்போமே அண்ணே. என் கையாலதானே அன்னைக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தேன்."

அக்காள் மகள் மடியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வைகாசியிலேயே தெரிந்துவிட்டது என்பது அதுவரை அவளுக்கும் தெரியாது.