துரையின் கார்க் திருகியை அறுத்தது

யுத்தம் தொடங்குவதற்கு முன்பு திண்டிவனத்தில் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் பட்லராக இருந்தேன். ஒயின் பாட்டில் திறக்க அங்கே ஒரு பழைய திருகிதான் உண்டு. மரப்பிடியில் இரும்புச் சுருள் செருகியது. சுருளைக் கார்க்கில் திருகி இறக்கி, பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு விருந்தில் அப்படி இழுத்தபோது கார்க் வெடுக்கென்று வந்துவிட்டது. சிவப்பு ஒயின் துரைசானியின் வெள்ளைக் கவுனில் தெறித்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று துரை தணிந்த குரலில் சொன்னார். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. துரை இரண்டு நாள் கேம்ப் போனதும், திருகியை மடியில் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயிலேறினேன். என் மனைவியின் அண்ணன் அங்கே ரயில்வே ஷெட்டில் பிட்டர். பெட்டியில் அடித்த ஆணியை நெம்பி எடுப்பதுபோலக் கார்க்கையும் எடுக்க வழியுண்டா என்று கேட்டேன்.

"தொர சாமான அறுக்கச் சொல்ற. மாட்டிக்கினா திருட்டுக் கேசு மாப்ளே."

"அறுக்கலன்னாலும் வேல போவுது மச்சான். அறுங்க."

அவர் பழைய மரப்பிடியை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். நீளமான பிடி ஒன்றில் சுருளைப் பொருத்தி, பிடியின் ஒரு முனையில் மடங்கும் இரும்புக் கால் வைத்தார். கால் பாட்டில் வாயில் உட்காரும். மறுமுனையைத் தூக்கினால் கார்க் மெல்ல எழும்பும். ஒரு காலி பாட்டிலில் கார்க்கை அடைத்துச் செய்த முதல் சோதனையில் கண்ணாடி விளிம்பு உடைந்தது. ஒயினில் சில்லு விழுந்து யாராவது விழுங்கியிருந்தால் என்று நினைத்து, இன்னும் சரிசெய்யச் சொன்னேன். அவர் இரும்பை அரத்தால் ராவி, விளிம்பில் படியும்படி வளைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை நான் அதை எடுத்ததுமே துரை பார்த்துவிட்டார். அது என்ன என்றார்.

"நான்தாங்க அறுத்து மாத்தினேன், துரை. ஒயின் சிந்தக் கூடாதுன்னுதாங்க."

திற என்றார். பிடியைத் தூக்கினேன். கார்க் சத்தமில்லாமல் வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஒரு விருந்தாளி திருகியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரை இரண்டாவது பாட்டிலைக் காட்டினார்.

மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போனேன். சவரத்துக்கு வெந்நீர் கேட்டார், அவ்வளவுதான்.

துரை மாற்றலாகிப் போனபோது அந்தத் திருகியைத் தன் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். அடுத்து வந்த துரை குடிக்காதவர்.