ஜா அக்காவின் எட்டு அங்குலம்

எங்கள் திரங்கானு கடற்கரையில் வந்து கலிஜா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அடுப்பு ஜா என்று கேட்க வேண்டும். மீன் மாவை உருட்டி வேகவைத்து விற்கிறவள்தான், ஆனால் அதனால் வந்த பெயரில்லை. எந்நேரமும் வேர்த்து வழிவாள், அதனால் வந்தது.

இதில் வேடிக்கை, ஊரிலேயே குளிர்ச்சியான வீடு அவளுடையதுதான். ஆள் உயரக் கால்கள் மேல் நிற்கும் மரவீடு. தரைப் பலகை இடுக்குகளில் கீழிருந்து லேசாகக் காற்று ஏறும். சன்னலின் அடியில் கெட்டிப் பலகை, அதற்கு மேல் பூவேலைப்பாட்டோடு குடைந்த பலகை. கடல்காற்று அதில் நுழைந்து, கூரை முகப்பின் துளைகள் வழியே வெக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மதியத் தொழுகை முடிந்ததும் பாதி ஊர் அங்கேதான் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி குறட்டை விடும். நானும்தான். நடுவில் ஜா அக்கா மட்டும் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள்.

"காத்துக்கே இவளக் கண்டா பயம்" என்பார் அவள் புருஷன் தெராமான். நாங்கள் சிரிப்போம். அந்த வீட்டைக் கட்டிய தச்சர் அவர்தான். நான் தையல்காரன் என்பதால் அவளுக்கு ஒரு தடித்த மெத்தை தைத்துக் கொடுத்திருந்தேன். அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பாள். சூட்டு உடம்பு என்று டுரியான் பழத்தையே விட்டுவிட்டாள். டுரியானை விடுவதென்றால் சும்மாவா!

போன வருஷம் கடல் அவள் வாசற்படிக்கே வந்துவிட்டது. மழைக்காலத்துக்குள் வீட்டைக் கழற்றி உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும். ஆணியில்லாத வீடு, ஆப்பைத் தட்டினால் கழன்றுவிடும். தெராமானுக்கு முட்டி போய்விட்டதால் பக்கத்து ஊர்த் தச்சர் யூனோஸ் வந்தார். இரண்டு தூண் உளுத்திருந்தன. புதிதாக வெட்டுவதற்காகக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஜா அக்காவைக் கூப்பிட்டார்.

"கைய நல்லா விரிங்கம்மா."

இங்கே வீட்டை அடிக்கணக்கில் கட்டுவதில்லை. வீட்டுக்காரி இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம். தூண் இடைவெளி, சன்னல் உயரம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். அவள் உட்கார்ந்தால் காற்று அவள் முகத்தில் பட வேண்டும், அதுதான் கணக்கு.

பழைய விட்டத்தில் பாகத்துக்குப் பாகம் குறி வெட்டியிருந்தது. யூனோஸ் கயிற்றை வைத்தார். எட்டவில்லை. மறுபடி வைத்தார், மூன்றாம் தடவையும் வைத்தார்.

"கயிறு நனஞ்சு சுருங்கியிருக்கும்" என்றார் தெராமான், யாரும் கேட்காமலேயே.

"கயித்து மேல பழி போடாதீங்கண்ணே. இது இவங்க பாகமே இல்ல. வேற யாரோ ஒரு பொம்பளயோடது."

மரம் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜா அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஊர்ல அத்தன பேருக்கும் நீதான் தைக்கிற. என் பாகம் எவ்வளவு?"

"அம்பத்தெட்டு அங்குலம்க்கா."

"அந்தக் குறிய அளந்து பாரு."

நாடாவை வைத்தேன். அறுபத்தாறு. அவ்வளவு நீளக் கை எங்கள் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுக்கு நான் நாடா இல்லாமலே தைப்பேன்.

ஜா அக்கா என் முகத்தையே பார்த்தாள். "உன் பொண்டாட்டி ஜைத்தூனா?"

நாடாவைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினேன்.

தெராமான் மரக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தம்பி நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அவளுக்கும் எனக்கும் நிச்சயமாச்சு. மரமெல்லாம் வெட்டித் தொள போட்டாச்சு. கடைசியில அவங்கப்பா மாட்டேன்னுட்டாரு. அப்புறந்தான் உன்னப் பேசுனாங்க. வெட்டின மரத்த மாத்த முடியல ஜா."

"அதனால பொண்ண மாத்திக்கிட்ட."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"முப்பத்தொரு வருஷமா காத்து என் தலைக்கு மேலயே போயிருக்கு! என் ஒடம்பத்தான நான் திட்டிக்கிட்டிருந்தேன். டுரியான் திங்காம கெடந்தேனே, பாவி!" பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யூனோஸிடம் சொன்னாள்: "பாகத்துக்கு எட்டு அங்குலம் வெட்டுங்க. சன்னல் பலகையும் அதே கணக்குல."

"வீடு சின்னதாயிடும்மா."

"நான் சின்னவதானே."

"நல்ல மரம்டி…" என்று ஆரம்பித்தார் தெராமான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் ஜைத்தூனிடம் கேட்டேன். சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "அளந்தப்ப எனக்குப் பதினெட்டு வயசுங்க. அந்த மரத்த அப்பவே வித்திருப்பாருன்னுதான் நெனச்சேன்" என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மழைக்கு நாலு நாள் முன்பு வீடு எழும்பிவிட்டது. எல்லாரும் போயிருந்தோம். தெராமான் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். மெத்தையை நான்தான் தூக்கிப் போனேன். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, வெறும் பலகையில், சன்னலோரம் உட்கார்ந்தாள் ஜா அக்கா.

காற்று வந்தது. நெற்றி முடி பறந்தது, முக்காடு ஒதுங்கியது. அவள் பயந்தவள் மாதிரி இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியா இருக்கும்?" என்றாள் எங்களைப் பார்த்து. "இத்தன வருஷமா என் வீட்டுல உக்காந்துக்கிட்டு இதயா அனுபவிச்சீங்க? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லயே!"